ஜம்புநாதன் நடத்திய தடையற்ற தீபாவளி

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் ஊர் ஜம்புநாதனின் வாழ்க்கையை ஸ்காட்லாந்து ஞானிக்கு முன், ஞானிக்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன் பாகத்தில், கும்பகோணத்து ரேஷன் சர்க்கரையில் காபி குடித்து வளர்ந்து, ஹூஸ்டனில் என்ஜினியராகி, சாதுவாக இருந்தார். பின் பாகம் ஃப்ரீவேயில் தொடங்கிற்று. கார் ரேடியோவில் ஒரு கன்சர்வேட்டிவ்காரர் தினமும் முழங்குவார்: அவனவன் தன் லாபத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், ஊருக்கு வேண்டியதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை ஒழுங்குபண்ணிவிடும், சர்க்கார் குறுக்கே வராதிருந்தால் சரி, இருநூறு வருஷத்துக்கு முன்பே ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஒருவர் சொல்லிவிட்டார்! ஜம்புநாதன் ஞானியைப் படிக்கவில்லை. ஞானியின் முகம் அச்சடித்த டை ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டார். பக்தி என்றால் அது.

1994இல் குடியுரிமை வந்தது. ரேடியோக்காரர் புகழும் ரிபப்ளிகன் கட்சியின் உள்ளூர் கமிட்டியில் இடம் பிடிக்கும் ஆசையும் வந்தது. தேர்தலுக்குச் சற்று முன் தீபாவளி. தமிழ்ச் சங்கத் தலைவர் என்ற ஹோதாவில், விருந்துக்குக் கட்சி வேட்பாளரையே அழைத்துவிட்டார்.

வீட்டுக்கு ஒரு பதார்த்தம் என்பது சங்கத்தின் வழக்கம். யார் எது என்று போனில் பிரித்துக்கொடுப்பது அவர் மனைவி அபயாம்பாள்.

“ஏன்னா, எல்லாருக்கும் போன் போட்டுடட்டுமா?”

“மூச்! அது சோஷலிசம். யாருக்கு எது சௌகர்யமோ கொண்டுவரட்டும். மார்க்கெட் பாத்துக்கும்.”

“மார்க்கெட்டுக்குப் பாயசம் வைக்கத் தெரியுமோ?”

விருந்தன்று முதல் மூடியைத் திறந்தார்கள். தயிர் சாதம். அடுத்ததும் தயிர் சாதம். அதற்கடுத்தது மாதுளை போட்ட தயிர் சாதம். அப்புறம் திராட்சை போட்டது, கடுகு தீய்ந்தது. மிச்ச மூடிகளை ஜம்புநாதனே திறந்தார். அவற்றிலும் அதேதான்.

“வடை, சாம்பாரெல்லாம் மத்தவிங்க கொண்டாருவாங்கன்னு நெனச்சனுங்கண்ணா,” என்றாள் கோயமுத்தூர் மரகதம். “ஆபீஸ் முடிஞ்சு வந்து நமக்கு இதுதானுங்க சுலபம்.”

“என்ன ஜம்பு, அந்தக் கை இன்னிக்கு சிக் லீவா?” என்றார் செயலாளர் சிவராமகிருஷ்ணன்.

அதற்குள் வேட்பாளர் நுழைந்துவிட்டார். தட்டு முழுக்க வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, இன்று ஏதாவது விரதமா என்று மரியாதையாகக் கேட்டார். ஜம்புநாதன் டையைச் சரிசெய்துகொண்டார். அபயாம்பாள்தான் விளக்கினாள்: போன வருஷம் வரை வீடு வீடாகப் போன் போட்டாள், மறக்கிறவர்களுக்கு இரண்டு தரம், இந்த வருஷம் கணவர் மார்க்கெட்டிடம் விட்டுவிட்டார்.

வேட்பாளர் ஸ்பூனைக் கீழே வைத்தார். தேர்தலன்று போன் போட்டு ஆட்களைக் கிளப்பத் தனக்கு இப்படி ஒருவர்தான் வேண்டும், கமிட்டியில் சேருவீர்களா என்று கேட்டார். அபயாம்பாளைத்தான்.

“சார், அவங்கவங்க சௌகர்யத்துக்கு விட்டா, வோட்டு தானா...” என்று ஜம்புநாதன் குழறினார். அவர் ஜோக்கடிக்கிறார் என்று நினைத்து, வேட்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடி முதுகில் ஓங்கித் தட்டியதில் ஜம்புநாதனின் தட்டு சாய்ந்து டை நனைந்தது. ஞானியின் மூக்கு நுனியில் ஒரு பருக்கை.

தேர்தலுக்கு முந்தின மாலை, புதுக் கமிட்டி மெம்பர் அபயாம்பாள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னாள்: “ஏன்னா, நாளைக்கு வயசானவாளை பூத்துக்கு டிரைவ் பண்றது உங்க டூட்டி. காலம்பற ரெடியா இருங்கோ.”

சௌகர்யப்பட்டால் பார்க்கிறேன் என்று சொல்ல ஜம்புநாதன் வாயெடுத்தார். அவள் அதற்குள் அடுத்த நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள்.