பொறுப்புகளைக் கவனித்துவருபவர்

ரஷ்ய மொழியை நான் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. ஆங்கிலத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் என் மதிப்பெண் போதவில்லை. இடம் காலியாக இருந்த வகுப்பில் என்னை உட்கார வைத்தார்கள். இருபது வருடமாக அந்த மொழிதான் எனக்குச் சோறு போட்டது. இயந்திரக் கையேடுகள், மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டுத்தாள்கள், மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று கிடைத்ததையெல்லாம் பர்மியத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். எங்கள் ஊரின் தாமுவே பகுதியில், நகல் எடுக்கும் கடை ஒன்றின் மூலையில் எனக்கு ஒரு மேசை. கடைக்காரர் தமிழ்க் கிறிஸ்தவர். நான் அவரை அண்ணன் என்பேன்.

போன மழைக்காலத்தில் ஒருவர் வந்து என் மேசையில் நாற்பது பக்கங்களை வைத்தார். நன்றாகத் தேய்த்த லுங்கி, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். “சயாமா, எங்க பெரியவருக்கு இது பர்மியத்துல வேணும்” என்றார். சயாமா என்றால் டீச்சரம்மா. பெரியவர் யார் என்று நான் கேட்கவில்லை. வெளியே நின்ற காரின் கண்ணாடிகள் கறுப்பாக இருந்தன. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரஷ்யாவில் ஓர் அரசியல்வாதி எப்படி ஜனாதிபதி நாற்காலி வரைக்கும் போனார் என்பதுதான் அந்த நாற்பது பக்கமும். முதலில் உளவு வேலை. பிறகு நகராட்சி அலுவலகம் ஒன்றில், கூட்டத்தில் வாய் திறக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் ஒரு இருக்கை. அங்கிருந்து தலைநகரம், அங்கே ஒவ்வொரு அறையாக முன்னேற்றம். மேலே இருந்தவர்கள் எல்லாரும், இவன் நம்ம ஆள், சொன்னதைச் செய்வான் என்றே நினைத்திருக்கிறார்கள். நான் பகலில் மின்சாரம் இருக்கும் நேரத்தில் கணினியிலும், இல்லாத நேரத்தில் ஜன்னலோரம் நோட்டுப் புத்தகத்திலுமாக எழுதினேன். அந்த மனிதர் கதையில் எங்கும் சத்தம் போடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

முப்பத்தோராம் பக்கத்தில் பழைய தலைவர் விலகுகிறார். தேர்தல் வரும்வரை இவர் பொறுப்பேற்கிறார். அந்தப் பதவிக்குப் பர்மியத்தில் வழக்கமாக ஒரு சொல் உண்டு. தமிழில் இடைக்கால ஜனாதிபதி என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் நாட்டில் ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவத் தளபதிக்கும் அப்போது அதே பட்டம்தான் என்று மீன் விற்பவளுக்கும் தெரியும். அதை எழுதினால் கேலி செய்கிறேன் என்பார்களோ? எழுதாவிட்டால் ஏன் மறைத்தாய் என்பார்களோ? ஒரு பகல் முழுக்க அந்த ஒரு வரியோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், ‘பொறுப்புகளைக் கவனித்துவருபவர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அதே மெல்லிய குரல் போனில் பேசியது. “பெரியவர் உங்களப் பாக்கணும்கிறார் சயாமா. காலையில கார் அனுப்புறோம்.”

அண்ணனிடம் ஓடினேன். “நீங்களும் கூட வாங்கண்ணே. ஒரு ஆம்பள துணைக்கு இருந்தா...”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கடைய யாரு பாக்குறது தங்கச்சி? நீ பதனமா போயிட்டு வா” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

காலையில் தாகேதாவில் எங்கள் வீட்டில் தோடுகளைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். போனில் இருந்த படங்களை எல்லாம் அழித்து, போனையும் அவரிடமே விட்டேன். ரத்த அழுத்த மாத்திரை ஒரு அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். “சாயந்தரம் வரைக்கும் பாருங்க. வரலேன்னா பிள்ளைய உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றேன். அவர் தோடுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

கார் உயரமான மதில் உள்ள ஒரு வீட்டுக்குப் போனது. பெரியவர் பனியனோடு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். மடியில் என் தாள்கள். ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

“ரஷ்யத்துல இப்படித்தான் இருக்கா?” என்று பர்மியத்தில் கேட்டார்.

“ஆமாங்கய்யா. பொறுப்புகளை நிறைவேற்றுகிறவர்னுதான் அவங்க எழுதுவாங்க. வார்த்தைக்கு வார்த்தை அதுதான்.” அது உண்மை. ஆனாலும் பொய் சொல்வதுபோல்தான் எனக்கு இருந்தது.

“நம்ம பாஷையில இதுக்கு ஒரு சொல் இருக்கே. உனக்குத் தெரியாதா?”

நான் அவர் மடியில் இருந்த தாளையே பார்த்தேன்.

“பயந்துட்டே” என்றார்.

“ஆமாங்கய்யா.”

அவர் பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் வைத்தார். சரியான சொல்லை அவரே எழுதப்போகிறார் என்று நினைத்தேன். பேனா முனை தாளைத் தொட்டபடியே நின்றது. வாசலில் நின்றிருந்த வெள்ளைச் சட்டைக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

“இருக்கட்டும். இத நான் நாலு பேர் முன்னால வாசிக்கணும்” என்றார். சற்றுப் பொறுத்து, “கடைசிப் பக்கத்தையும் எடுத்துடு” என்றார்.

அந்தப் பக்கத்தில்தான், அந்த ரஷ்ய அரசியல்வாதியை மேலே தூக்கிவிட்டவர்களில் சிலர் பிறகு நாட்டைவிட்டு ஓடிய கதை இருந்தது. பெரியவரின் கண் முன்னாலேயே அந்தத் தாளை உருவினேன். அவ்வளவு பெரிய மதிலுக்குள் இருப்பவரே ஒரு சொல்லை எழுதத் தயங்கினால் நான் எங்கே போய் ஒளிவது? போகும்போது இருந்ததைவிடத் திரும்பும்போதுதான் பயம் அதிகமாக இருந்தது.

காலையில் ஏற்றிய அதே பாலத்தருகே இறக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

ஒரு மாதம் கழித்து வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடி கடைக்கு வந்தார். இந்த முறை எழுபது பக்கம் இருக்கும். “ஜனாதிபதி ஆன பிறகு என்னென்ன செஞ்சார்ங்கிறது இதுல இருக்கு சயாமா. பெரியவருக்கு உங்க எழுத்து பிடிச்சுப்போச்சு.”

இயந்திரத்தின் பக்கம் இருந்து அண்ணன் எழுந்து வந்தார். “சயாமாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஐயா. டாக்டர் எழுத்து வேலையே கூடாதுன்னுட்டார்” என்று பர்மியத்தில் சொன்னார்.

வந்தவர் என் கண்களை நிதானமாகப் பார்த்தார். “உடம்பப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போனார். கார் கிளம்பிய பிறகு அண்ணன் மறுபடி இயந்திரத்தின் பக்கம் போனார்.

மறுநாள் சந்தையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். இரண்டு வாரம் அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். சினிமா நடிகை மாதிரி இருக்கிறாய் என்று என் மகள் பர்மியத்தில் சொல்லிச் சிரித்தாள். காரணத்தை அவளிடம் நான் சொல்லவில்லை.