பதினோரு மணி பஸ்ஸும் கடலை நூடுல்ஸும்

அந்த வருஷம் என்னால் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. மதுரையில் டிகிரியை முடித்துவிட்டுத் திருச்சுழிக்குத் திரும்பி எட்டு மாதமாகியிருந்தது. நாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், ஒன்றுக்கும் பதிலில்லை. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் போய் நிற்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அதற்கப்புறம் எதையாவது செய்யாவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். பீரோவை நகர்த்துவேன். அடுப்படிச் சாமான்களையெல்லாம் இறக்கி வேறு வரிசையில் அடுக்குவேன். அப்பா உப்பைத் தேடிக் காபித்தூள் டப்பாவைத் திறப்பார்.

அந்தப் பரபரப்பில் செய்ததுதான் கடலை வெண்ணெய். ஹாஸ்டலில் என் அறைத்தோழிக்கு அவள் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நிலக்கடலையை வெண்ணெய் பதத்துக்கு அரைத்தது. ரொட்டியில் தடவி இரண்டே நாளில் காலி செய்தோம். கடலை நம் காட்டில் விளைகிறது, மிக்சி வீட்டில் இருக்கிறது, இதற்கு எதற்கு வெளிநாடு என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் இரண்டு படி கடலையை வறுத்து, தோல் நீக்கிப் புடைத்து, மிக்சி சூடாகிப் புகை நாற்றம் வரும்வரை அரைத்தேன். நன்றாகத்தான் வந்தது. தின்னத்தான் ஆளில்லை. அப்பா ஒரு வாய் வைத்தார், நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, பேச முடியாமல் கையைக் காட்டிப் போதும் என்றார். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, "வண்டிக்குக் கிரீஸு தீந்தா சொல்லுதேன், பத்திரமா வை" என்றார். நான் தின்றது போக ஊறுகாய் பாட்டிலில் கால்வாசி மிச்சம். மேலே எண்ணெய் மிதக்க மூன்று வாரமாக அப்படியே இருந்தது.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. சமையல் எனக்கும் மதினிக்கும். மதினி என்றால் அண்ணன் மனைவி. அப்போது அவளுக்கு மூன்றாவது மாதம். பன்னிரண்டு நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. உலை கொதிக்கும் வாடை அடித்தால் கொல்லைக்கு ஓடுவாள். தாளிக்கிற வாடையும் ஆகாது, இட்லி மாவு வாடையும் ஆகாது. இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரே கவலைதான். அந்த ஜூனில்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்திருந்தாள். ஒரு வாரம் லீவு போட்டாயிற்று. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் வருத்தத்தோடுதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை பந்தல்குடியிலிருந்து மதினியின் அம்மா போட்ட லெட்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கிளம்பி வருகிறேன், பிள்ளை சாப்பிடவில்லையென்றால் கையோடு கூட்டிப் போய்விடுவேன் என்று எழுதியிருந்தார். வழக்கப்படி ஏழாம் மாதம்தான் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆனால் எப்போது போனாலும், பிறந்த பிள்ளைக்குத் தலை நிற்கிறவரை திருப்பி அனுப்ப மாட்டார்கள். போனால் வேலை போச்சு. மதினி லெட்டரை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள்.

"சாப்பிட்டேன்னு சொல்லிருவோம் மதினி" என்றேன்.

"வாயால சொன்னா எங்கம்மா நம்பாது. மீன் கொழம்பு கொண்டாரும். தூக்குச்சட்டியத் தொறந்துச்சுன்னா நான் தொலஞ்சேன்."

தூத்துக்குடி ரோட்டில் இருக்கிற ஊர், ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்கள் வீட்டில் மீன்தான். ஆனால் எனக்கு அத்தையைப் பற்றி, அதாவது மதினியின் அம்மாவைப் பற்றி, வேறொன்றும் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களை எழுப்புவதோ, அந்தத் தட்டில் வேறு சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பதோ அவருக்குப் பாவத்தில் சேர்த்தி. கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, பந்தியில் இருந்த ஆளைக் கூப்பிட்டார் என்று சொந்தத் தம்பியையே வைதவர். அப்படியானால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மதினி பாதித் தட்டில் இருக்க வேண்டும். தூக்குச்சட்டி திறக்கப்படாது. மகள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தும் விடுவார்.

எதைச் சாப்பிடுவது? இரண்டு நாளைக்கு முன்னால் மதினி ஒரு கை வறுத்த கடலையைத் தின்று, அது ஒரு மணி நேரம் வயிற்றில் நின்றது. எனக்குச் சட்டென்று பாட்டில் ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டையில் வாங்கிய நூடுல்ஸ் பாக்கெட் இரண்டு அலமாரியில் கிடந்தது. தாளிக்க வேண்டாம், உலை வைக்க வேண்டாம், கொதித்த தண்ணீரில் போட்டால் ஆயிற்று. அதிலுள்ள மசாலாப் பொட்டலத்தைத் தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். கடலை வெண்ணெய் இரண்டு கரண்டி, எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏழு நிமிஷம் நடை, அத்தைக்கு முழங்கால் வலி, அதனால் பத்து. பதினோரு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் அடுப்பில் போட்டால் சரியாக இருக்கும்.

ஞாயிறு காலையில் அப்பா பூசைக்கும் அங்கிருந்து ஒரு துக்க வீட்டுக்கும் போய்விட்டார். அண்ணன் லோடு ஏற்றிப் போயிருந்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. அடுப்படியைக் கழுவினேன். குடங்களை எடுத்து வேறு மூலையில் வைத்தேன். பத்தரைக்கே தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, மறுபடி கொதிக்க வைத்தேன்.

பதினொன்றுக்கு ஹாரன் கேட்டது. நூடுல்ஸைப் போட்டு, வெந்த தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்துக் கடலை வெண்ணெயைக் கரைத்து, எலுமிச்சை பிழிந்து கிளறினேன். வறுத்த கடலை வாடை லேசாக எழுந்தது. மதினி மூக்கைப் பொத்தவில்லை. தட்டில் போட்டு முன்னால் வைத்தேன். "இப்பவே திங்காதீங்க, வரட்டும்" என்றேன். இருவரும் வாசலையே பார்த்தோம்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அத்தையைக் காணோம். தெருமுனைக்கு ஓடிப் போய்ப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டேன். அது நரிக்குடியிலிருந்து வந்த பஸ்ஸாம், அத்தை ஏறி வருகிற அருப்புக்கோட்டை பஸ் இன்னும் வரவில்லையாம். அவர் சொல்லி வாயை மூடவில்லை, அந்தப் பக்கமிருந்து ஹாரன். திரும்பி ஓடினேன்.

தட்டிலிருந்தது இறுகிப்போயிருந்தது. கடலை வெண்ணெய் ஆறினால் இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாது. தட்டைக் கவிழ்த்தாலும் விழாது. மதினி கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, "இத உங்கண்ணன் லாரிக்கு ஸ்டெப்னியா குடு" என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வழித்துச் சட்டியில் போட்டு, குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு ஊற்றி, அடுப்பை ஏற்றிக் கிளறினேன். இளகியது. தட்டில் கொட்டி மதினி கையில் கொடுக்கவும் வாசலில் அத்தை குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

ஒரு கையில் தூக்குச்சட்டி, மறு கையில் துணி எடுத்துப் போக ஒரு காலிப் பை. மகள் வாயில் நூடுல்ஸோடு நிமிர்ந்து பார்த்ததும் அத்தை அங்கேயே நின்றுவிட்டார். "சாப்பிடு, சாப்பிடு" என்று கையமர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தார். தூக்குச்சட்டி நாற்காலிக்கடியில் போனது.

"இது என்னத்தா, புழு மாதிரி?" என்று என்னைக் கேட்டார்.

நூடுல்ஸ் என்றேன், கடலை சேர்த்தது, உடம்புக்கு நல்லது, இரண்டு நாளாக இதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று அடுக்கினேன். மதினி வாய் வாயாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுப்படிக்குள் போய்ச் சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து வாயில் வைத்தேன்.

உப்பும் கைப்புமாக ஒரு கரிப்பு. துப்பிவிட்டேன். குழாயில் நல்ல தண்ணீர் வந்து ஆறு நாள். குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவ இரண்டு குடம் உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீர். எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகூட இரண்டையும் மாற்றி எடுக்காது. காலையில் குடங்களை இடம் மாற்றி வைத்தது நான்தான். அவசரத்தில் என் கை பழைய மூலைக்கே போயிருக்கிறது.

கை கழுவ வந்த அத்தை நான் துப்பியதைப் பார்த்துவிட்டார். சட்டியில் ஒரு விரல் விட்டு நாக்கில் தடவினார். என்னைத்தான் வையப் போகிறார் என்று நின்றேன். அவர் மெதுவாகத் திரும்பி, நிலைப்படியில் நின்று மகளின் முதுகைப் பார்த்தார். மதினி தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

"இதப் போயி இப்பிடித் திங்காளே" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிறகு போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலையை விட முடியாதா என்று கேட்டார். மதினி முடியாது என்று தலையசைத்தாள். அத்தை அவள் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு வாரம் பாக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன். இதவிட மெலிஞ்சிருந்தேன்னா உன்னக் கேக்க மாட்டேன், தூக்கிட்டுப் போயிருவேன்."

கிளம்பும்போது தூக்குச்சட்டியை என்னிடம் கொடுத்து, அண்ணன் வந்ததும் கொல்லையில் வைத்துத் திறந்து கொடு, வீட்டுக்குள் திறக்காதே என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "நல்ல தண்ணியாப் பாத்துக் கஞ்சி வச்சுக் குடு, ஆத்தா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்தபோது மதினி நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை.

"பஸ்ஸு போயிருச்சா?"

"போயிருச்சு மதினி."

"நல்லாப் பாத்தியா?"

"பாலம் தாண்டுறத நின்னு பாத்துட்டுத்தான் வாரேன்."

அவள் எழுந்து கொல்லைக்கு ஓடினாள். நான் செம்போடு பின்னால் ஓடினேன். சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்தது. வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவி, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, நாளைக்குக் கட்ட நீலச் சேலை காய்ந்துவிட்டதா பார் என்றாள்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.