கிரவுன் ஆயில் நாற்றம்

மேடவாக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மருமகனின் வண்டிக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கிரவுன் பல்சக்கரப் பெட்டியிலிருந்து பழைய ஆயிலை இறக்கினார்கள். அழுகிய முட்டை போன்ற அந்த நாற்றம் வந்ததும், செம்பாக்கம் ஏரிக்கரையில், இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில் இருந்த அப்பாவின் மெக்கானிக் கொட்டகைக்குள், அந்தத் தகரக் கூரைக்கடியில் போய்விட்டேன்.

அங்கே எப்போதும் சுத்தியல் சத்தமும் அப்பாவின் வசவும்தான். இறுகிப்போன ஆயில் மூடியை அடிக்கிற அதே வேகத்தில் அம்மாவையும் அடிப்பார். அவருடைய ஆயில் கையால் அம்மாவின் கன்னத்தில் கறுப்பாகப் பதிந்த ஐந்து விரல் தடம், மரத்தூளும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும், நாற்றம் போகாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்துப் பெண்கள் தள்ளி உட்காருவார்கள்.

ஒருநாள் டாக்ஸிக்காரர் ஒருவர் திரும்பி வந்து கத்தினார்.

"இன்னா அண்ணா, கிரவுனுக்கு ஊத்துற கெட்டி ஆயில கியர் பாக்ஸ்ல ஊத்திகீற! கியரே வுழல."

கூடமாட வேலை செய்துகொண்டிருந்த அம்மாவின் தலைமுடியை அப்பா பிடித்துத் தரையில் இழுத்தார்.

"டின்ன மாத்தி வச்சது நீதானடி?"

உதட்டில் ரத்தம் வழிய எழுந்த அம்மா, பழைய ஆயில் தட்டில் மணிக்கட்டு வரை கையை முக்கி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"ஊத்துனது நீ. அடி வாங்குறது நானா?"

டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டார். "கியர் வுழலன்னாலும் வெரல் நல்லா வுழுந்துகீது அண்ணா!"

ஓங்கிய கையை அப்பா இறக்கிக்கொண்டார். அந்த ஞாயிறு சர்ச்சில் ஆண்கள் அவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"அத்தை, நாத்தம் தாங்கல, வெளிய வாங்க" என்று மருமகன் மூக்கைப் பொத்தினார்.

நான் அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தேன்.