கிணற்றடியில் வாசித்த செய்தி

“அகதி முகாமில படிச்ச பிள்ளை நீர். இஞ்சத்தைச் சனத்தைப் பற்றி என்னத்தை எழுதப்போறீர்?”

பத்திரிகையில் வேலை கேட்டுப் போன அன்று செய்தி ஆசிரியர் கேட்டார். நான் எழுதுவது கிடக்கட்டும். இந்தச் சனம் என்னைப் பற்றி என்ன வாசித்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாசித்துக் காட்டியதே நான்தான்.

இந்தியாவிலிருந்து ஊர்காவற்றுறைக்குத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குக் கூரை இல்லை; கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு சின்ன விசயமல்ல. அப்பா அதை இறைத்துச் சேறு அள்ளி முடித்ததும், உவர்த் தண்ணீரில் சலித்துப்போன எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பெண்களெல்லாம் குடங்களோடு வந்துவிட்டார்கள். அம்மா கயிறு இழுக்கும் விதத்தைப் பார்த்து முன்வீட்டு மாமி பகிடி பண்ணினார்.

“இந்தியாக் குழாய்த்தண்ணி கையைக் கெடுத்துப்போட்டுது மச்சாள்.”

மச்சாள் என்று உறவாக அழைத்த அந்த ஒரு சொல் போதும், வீட்டுக்குக் கூரை போட்டதுபோல அம்மா அன்று முழுவதும் திரிந்தார்.

அடுத்த நாள் ஒரு நிருபர் படமெடுக்க வந்தார். அம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நின்றார். சிரிக்க வேண்டாம் என்றார் நிருபர். வெறும் வாளியைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் பட்டது. முகத்தைத் தொங்கப்போட்டேன். அந்தப் படத்தில் நன்றாக நடித்திருப்பது நான்தான்.

படம் வெளிவந்த அன்று மாமி ஒரு கையில் குடமும் மறு கையில் பழைய சட்டைகள் நிறைந்த பையுமாக வந்தார். மச்சாள் போய்விட்டது. “பாவம், அகதியள்” என்றார், பக்கத்தில் நின்ற பெண்ணிடம். இனி வருகிற நிவாரணமெல்லாம் இவையளுக்குத்தான் என்று அந்தப் பெண் முணுமுணுத்தார். இருவரின் குடங்களும் எங்கள் தண்ணீரால் நிரம்பியிருந்தன.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேப்பரை என் கையில் தந்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

“குடிநீரின்றித் தவிக்கும் அகதிகள்.” முகாம் பள்ளியில் பரிசு வாங்கிய குரலில் வாசித்தேன்.

“இன்னொருக்கா.”

வாசித்தேன். ஒருவரும் குடத்தைத் தூக்கவில்லை.

“ஆரின்ரை கிணத்தில ஆர் தண்ணி அள்ளுகினம் எண்டு அதில போட்டிருக்கோ, பிள்ளை?”

“இல்லையம்மா.”

அம்மா மாமியின் குடத்தைத் தானே தூக்கி அவருடைய இடுப்பில் வைத்தார்.

“நாளைக்கும் வாங்கோ மச்சாள். உந்தப் பையை மட்டும் கொண்டுபோங்கோ.”

மாமி பையோடு போனார். மறுநாள் வெள்ளனவே வந்து கயிற்றைக் கேட்டபோது மச்சாள் என்றுதான் கேட்டார், கொஞ்சம் மெதுவாக.

என் வாசிப்பின் அழகில் மயங்கித்தான் எல்லோரும் பேச்சற்று நின்றார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

வேலை கிடைத்தது. போன கிழமை, மண்டைதீவுக்குத் திரும்பி வந்து தங்கள் காணியில் வீடு கட்டும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ‘அகதிகளின் அவலம்’ என்று தலைப்புப் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு அக்கா இப்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்கிறார். பண்ணைப் பாலத்தைத் தாண்டி நகருக்குள் வந்துவிட்டோம். செய்தி ஆசிரியரின் மேசைக்கு முன்னால், அக்காவை வைத்துக்கொண்டு, அதைச் சத்தமாக வாசிக்கப்போகிறேன்.