வடத்தில் கண்மூடியவர்

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே பத்து ஏக்கர் தோட்டங்காட்டுக்குச் சொந்தக்காரர் வெள்ளியங்கிரி. அவருக்கு முதுகுப் பிடிப்பு வந்ததற்குக்கூட மனைவி ஆத்தாயி அவ்வளவாக வருத்தப்படவில்லை. அதற்கு வைத்தியம் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் சேலம் போய், அஸ்தம்பட்டியில் யாரோ ஒரு பென்ஷன் வாத்தியாரிடம் இருபது நாள் தங்கித் தியானம் பழகிவிட்டு வந்தாரே, அதற்குத்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

போகும்போது குடியானவராகப் போனவர் ஞானியாகத் திரும்பினார். "மனசு ஒடம்புலயே நிக்கோணும் புள்ள. காலெடுத்து வெச்சா, வெக்கறதெ அறிஞ்சு வெக்கோணும்" என்றார். விடிந்ததும் கிணற்றடியில் குதிகால், நடுப்பாதம், விரல் என்று ஒவ்வொன்றாக மண்ணில் பதித்து, பத்தடி தூரத்தை அரை மணி நேரம் நடப்பார். கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையில் பூட்டிய காளைகள் அவரைப் பார்த்தபடி அசைபோடும். ஆண்பிள்ளை கவலை ஓட்டிச் சாலில் தண்ணீர் இறைத்தால்தான் பொம்பளை பாத்திக்கு மடை திருப்ப முடியும். மிளகாய்ச் செடி வாடிக் கிடக்க, ஆத்தாயி மண்வெட்டியோடு காத்து நிற்பாள்.

இந்தக் கூத்து தொடங்கிய முதல் வாரமே அவள் வாய்க்கால் சேற்றில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பிசகிவிட்டது. "அய்யோ" என்று அவள் கத்தியபோது அவர் பத்தடி தள்ளித்தான் நின்றார். கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவராகக் கேட்கட்டும் என்று ஆத்தாயி வாயைத் திறக்கவில்லை. என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஐப்பசி போய் மாசி வந்தது. வீங்கிய காலை இழுத்து இழுத்து வந்துதான் மூன்று வேளையும் சோறு போட்டாள். தன் சுண்டுவிரல் மண்ணைத் தொடுவது தெரிந்த மகானுக்கு இது மட்டும் தெரியவில்லை. அவரைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மாசியில் அவர் ஒரு படி மேலே போனார். சால் மேலே வரக் காளைகள் கிணற்றடிச் சரிவில் இறங்கும்போது, ஓட்டுகிறவர் பாரத்துக்காக இழுகயிறான வடத்தின் மேல் உட்கார்ந்து போவது வழக்கம். சரிவு முடிந்ததும் எழுந்து, காளைகளைப் பின்னுக்கு நடத்தி மேலேற்ற வேண்டும். வெள்ளியங்கிரி வடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். சரிவு முடிந்தது காளைகளுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அவை பழக்கம்போலப் பின்னால் அடியெடுத்து வைக்க, வடம் தொய்ந்து ஞானி மல்லாக்க விழுந்தார். மிதிக்காமல் நின்றது அந்த வாயில்லாச் சீவன்களின் புத்தி.

கிணற்றடியில் ஓலை வேய்ந்த சாளையில் கயிற்றுக் கட்டில் போட்டு, எழ முடியாத அவரைப் படுக்க வைத்தார்கள். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று ஆத்தாயியே கவலை ஓட்டினாள். மடை திருப்ப மகள் சாலம்மாள் நின்றாள். படுத்தவருக்கு வேறு வேலை இல்லாததால், சரிவில் ஏறி இறங்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் கேட்டார்.

"ஏம்புள்ள, காலை இழுத்து வெக்கற? எப்பருந்து?"

"போன ஐப்பசிலருந்துங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதே ஞானிக் குரலில், "வலியெ விட்டு ஓடாத புள்ள. அதுங்கூடவே இருந்து கவனிச்சுப் பாரு" என்றார்.

"அஞ்சு மாசமா அதுங்கூடத்தானுங்க இருக்கறேன். நீங்க ஒருக்கா பாப்பீங்கன்னு காத்திருந்தனுங்க. இனிப் பாக்க வேண்டாமுங்க."

கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுத்து, அவர் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டாள். பிறகு நொண்டிக்கொண்டே போய்க் காளைகளைப் பூட்டினாள்.