என் மகளைக் கேட்காமல்

என் மகளின் காதுகுத்துக் கார்டை எனக்கு முன்பே எங்கள் ஊர்க்காரர் குரூப் முழுவதும் பார்த்துவிட்டது. அலுவலகம் போகும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போனைத் திறந்தேன். அவள் முகம் பெரிதாக இருந்தது. கீழே முழுப்பெயர், பிறந்த தேதி, திலக் நகரில் எங்கள் கட்டிடம், மாடி, கதவு எண். போட்டவர் என் மாமியார்.

பிறந்த நேரத்தை மட்டும் விட்டிருந்தார். மறந்து விடவில்லை. நேரமும் நட்சத்திரமும் வெளியாளுக்குத் தெரிந்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கேட்டபோது முகம் மாறாமல் தப்பான நேரத்தைச் சொன்னவர். நானோ, இலவசமாக ஜாதகம் கணிக்கும் ஓர் ஆப்பில் சரியான நேரத்தை நிமிடம் பிசகாமல் தட்டிக் கொடுத்திருந்தேன்; வந்த ஜாதகத்தை அவரிடமே காட்டியும் இருந்தேன்.

அன்று மாலையே தாராவியில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“அத்தை, அந்தக் கார்டை எடுத்துடுங்க. யார் யாரோ பாக்கிற குரூப்.”

“யார் யாரோவா? எல்லாம் நம்மாளுவதான்.”

“நம்மாளுங்க இன்னும் நாலு பேருக்கு அனுப்புவாங்க. அவங்கள உங்களுக்குத் தெரியுமா?”

“பிள்ளையக் காட்ட வெக்கப்படுதியா? குறை உள்ள வீட்டுக்காரவதான் மறைப்பாவ.”

“அவ பிறந்த நேரத்தை நீங்க மறைக்கலையா?”

“அதத்தான் நீ போன்ல போட்டுட்டியே, படிச்ச புள்ள! அந்த மிசினு யாரு, உனக்கு மாமனா?”

திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே, என் விவரங்களை அழிக்கச் சொல்லி அந்த ஆப்புக்கு எழுதினேன். அழித்தார்களா, தெரியாது. அதற்காகக் கார்டையும் அப்படியே விட்டுவிட வேண்டுமா? “ஃபங்ஷன் முடியட்டும், விடு,” என்றார் கணவர்.

விடத்தான் பார்த்தேன். தாராவியில் அவர்கள் சந்தில் கதவைச் சாத்தினாலே ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். மாமியாருக்கு முகவரி என்பது ‘வாங்க’ என்று கூப்பிடுவது. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சந்தில் நம்மைப் பார்ப்பவரை நாமும் பார்க்கலாம். போனில் யார் பார்க்கிறார்கள்?

மறுநாள் குரூப்பில் நானே எழுதினேன். குழந்தையின் படமும் முகவரியும் இருப்பதால் கார்டை அழித்துவிடுங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் முகவரியை எங்களிடம் கேளுங்கள் என்று. அனுப்பிவிட்டு, கொஞ்சம் மென்மையாக எழுதியிருக்கலாமோ என்று பலமுறை படித்தேன். மாமியார் கார்டை எடுத்துவிட்டார். என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

காதுகுத்து தாராவிக் கோயிலில் நடந்தது. என் அண்ணன் மடியில் குழந்தையை உட்கார வைத்தோம். ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுத்ததும் சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. விக்ரோலியிலிருந்து வந்திருந்த சின்ன மாமியார் ஊருக்கு வீடியோ காலே போட்டிருந்தார்.

“யாரும் படம் எடுக்காதீங்க, ப்ளீஸ்.” என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

“அரே, என்னக்கா, உம் மருமவ இப்பிடிச் சொல்லுதா?” என்றார் சின்ன மாமியார்.

இத்தனை நாள் பேசாதிருந்த மாமியார் சட்டென்று சொன்னார். “புள்ளைக்குக் கண்ணு படும்னு சொல்லுதா. எல்லாரும் போன வைங்க.”

போன்கள் இறங்கத் தொடங்கின. கண் என்றால் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். என்னைக் காப்பாற்ற வந்தவரையே மறுத்துப் பேசினேன்.

“கண்ணுக்காக இல்ல அத்தை. அவளக் கேக்காம எடுக்கக் கூடாது.”

யாரோ சிரித்தார்கள். “ஒரு வயசுப் பிள்ளைட்ட என்னத்தக் கேக்க?” என்றார் சின்ன மாமியார்.

“அவளுக்குச் சொல்லத் தெரியிற வரைக்கும் நான் சொல்றேன். வேண்டாம்.”

அவர் போனை இறக்கவில்லை. நான் போய் அதன் முன்னால் நின்றேன். முதுகுக்குப் பின்னால் என் மகள் வீறிட்டாள். முதல் காது குத்தியதை நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கத் துடித்தது. நகரவில்லை.