சீகை ஏறாத சதுப்பு

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு இருபத்தொன்பது கிலோமீட்டர். அங்கிருந்து பைக்காராவுக்கு இன்னும் இருபது. ஆனி மாதச் சாரலில் காலையின் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பைக்காராவுக்கு மேலே மரம் நடும் வேலைக்குப் போயிருந்த பார்வதி அக்காவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் நாங்கள். எனக்குக் கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி வேலை கிடைத்தது. அவளுக்குக் கூப்பிட்ட இடத்தில் தினக்கூலி.

தலைகுந்தாவைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கற்பூரத் தைல மரமும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரமுமாக இருட்டிக்கொண்டு வந்தது.

"நான் வேலைக்குச் சேந்தப்ப இதெல்லாம் வெறும் புல்லுதானுங்க" என்றார் கண்டக்டர். "பஸ்ஸுல இருந்தே கடமானப் பாக்கலாம். இப்ப மரத்தத்தான் பாக்கோணும்."

பைக்காராவில் இறங்கி லாரித் தடத்தில் ஏறினேன். மேட்டைத் தொட்டதும் மரங்கள் சட்டென்று விலகின. எதிரே புல்வெளி; அதன் மடிப்பில் ஒரு சோலை; சோலைக்குக் கீழே ஓடை பிறக்கும் சதுப்பு. ஈரமண் முழுக்கக் குளம்படிகள். எருமை வளர்க்கும் தோடர்களின் மேய்ச்சல் நிலம் அது.

சதுப்பின் ஓரத்தில் சீகை நாற்றுகளோடு லாரி நின்றது. அக்காவும் கூட வந்த பெண்களும் மண்வெட்டியோடு நின்றார்கள். வெட்டிய முதல் குழிக்குள் கால்களை விட்டு, பூவேலைப் போர்வையை இழுத்துப் போர்த்தியபடி ஒரு தோடப் பெண் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கம்மா, எந்திரிங்க. எனக்கு மேல இருந்து உத்தரவுங்க" என்றார் காண்டிராக்டரின் ஆள், மேட்டுப்பாளையத்துக்காரர்.

"உனக்கு மேல யாரு, எனக்குத் தெரியாது. இந்தப் புல்லு எங்க மந்துக்கு, எங்க குடியிருப்புக்குச் சேர்ந்தது. நாங்க மரம் கேக்கல." அவர் பக்கத்துப் பள்ளத்தைக் காட்டினார். "அங்க நட்டாங்க, ஓடை நின்னு போச்சு. இங்க எங்க எருமை குடிக்குது. கடமான் குடிக்குது. அது பின்னால புலி வந்து குடிக்குது. சீகை வந்தா அது மட்டுந்தான் குடிக்கும்."

"புலிக்குத் தண்ணி காட்டறதுக்காங்க நான் லாரி கொண்டாந்தேன்?" அந்த ஆள் அக்காவிடம் திரும்பினார். "பார்வதி, குழியில மண்ணத் தள்ளு. தானா எந்திரிப்பாங்க. சிலோன்ல இருந்து பொழைக்க வந்த சனம் நீங்க, இந்த வம்பு உங்களுக்கு எதுக்கு?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். "பொழைக்கத்தான் வந்தோம். எங்கப்பா பொறந்த தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தே எங்கள வெளிய போன்னு சொன்னாங்க. அந்த வார்த்தய நான் இன்னொருத்தருக்குச் சொல்லமாட்டேன்."

"அப்ப நாளைக்கு வேலையில்ல."

"இன்னைக்கும் வேணாம்."

சொல்லிவிட்டு, அடுத்திருந்த வெற்றுக் குழியில் மண்ணை இழுத்துப் போட்டாள். வெட்டி எடுத்த புல்கட்டியை மேலே வைத்துக் காலால் மிதித்தாள். ஒருத்தி சேர்ந்தாள், பிறகு எல்லோரும். அந்த ஆள் கத்திப் பார்த்தார். கடைசியில் நாற்றுகளோடு லாரி கீழே இறங்கியது.

நான் அக்காவிடம் போனேன். "இனி எங்கக்கா போவ?"

"எங்க வேணா போவேன். கப்பல்ல மட்டும் ஏறமாட்டேன்."

தோடப் பெண் அப்போதுதான் எழுந்தார். "நாளைக்கு வேற ஆளக் கூட்டியாருவான்."

"நீங்க?"

"உக்காருவேன்."

"நானும் வாரேன்" என்றாள் அக்கா.

கோத்தகிரிக்குக் கூப்பிட்டேன், ஃபேக்டரியில் இடம் கேட்பதாகச் சொன்னேன். "கேளு. மழை முடியட்டும்" என்று என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் சிலோனில் விட்டுவந்த பண்டாரவளை நினைவுதான். நாங்கள் கொழுந்து பறித்த அந்த மலையும் ஒரு காலத்தில் யாருடைய மேய்ச்சலாகவோ இருந்திருக்கும். அங்கே குழியில் உட்கார யாருமில்லையா, உட்கார்ந்தும் தள்ளிவிட்டார்களா, எனக்குத் தெரியாது.

லாரி மேலும் இரண்டு முறை போனதாம். இரண்டு முறையும் நாற்றோடு திரும்பியதாம். மழை ஓய்ந்ததும் அக்கா கோத்தகிரி வந்தாள். இதற்கு முன்னால் என்ன வேலை செய்தாய் என்று ஃபேக்டரி மேஸ்திரி கேட்டார்.

"சதுப்புல உக்காந்திருந்தேன்" என்றாள்.